மார்க் 2 அம்பாசடரில் கான்டெஸா எஞ்சின்: ஒரு புதுப்பேட்டை பட்டறை

எங்கள் மார்க் 2 அம்பாசடரின் 1489 சிசி எஞ்சின் ஓய்ந்துவிட்டது. சென்னை புதுப்பேட்டை பட்டறை ஒன்றில், உடைக்க வந்த கான்டெஸா காரிலிருந்து கழற்றிய இசுசு 1.8 எஞ்சினை கியர்பாக்ஸோடு வாங்கி அங்கேயே மாட்டினோம். பிற்பாடு இந்துஸ்தான் மோட்டார்ஸ் கம்பெனியே அம்பாசடரில் போட்ட எஞ்சின்தான் இது, அதனால் தயங்கவில்லை. மெக்கானிக் அண்ணன் முதலில் கம்ப்ரெஷன், அதாவது சிலிண்டருக்குள் அழுத்தம் சரியாக இருக்கிறதா என்று பார்த்துக் காட்டினார், அப்புறம்தான் விலை பேசினார். அந்த நேர்மை எனக்கு ரொம்பப் பிடித்தது. ஸ்டியரிங்கில் இருந்த கியர் தரைக்கு வந்தது, 5-வது கியரும் கிடைத்தது. கியர்பாக்ஸிலிருந்து பின் சக்கரங்களுக்கு விசையைக் கொண்டுபோகும் ப்ரொப்பெல்லர் ஷாஃப்டை அளந்து வெட்டி பேலன்ஸ் செய்த நேர்த்தி அபாரம். 80 கி.மீ. வேகத்தில் போனாலும் அதிர்வே இல்லை. ரேடியேட்டரைத்தான் பழையதாகவே விட்டுவிட்டார்கள், மதிய நெரிசலில் சூடேறுகிறது. பெரியதாகப் போடச் சொல்லுங்கள். புது எஞ்சினின் நம்பரை ஆர்சியில் ஏற்ற ஆர்டிஓ ஆபீசுக்கு நாம்தான் போக வேண்டும். எஞ்சின் வந்த வண்டியின் காகிதங்களைக் கையோடு கேட்டு வாங்கிவிடுங்கள்.