எல்லையில் கேட்கப்படும் மஞ்சள் அட்டை: பயன்படுத்தியவனின் மதிப்பீடு

கடவுச்சீட்டுக்குள் செருகி வைக்கக்கூடிய இந்தச் சிறிய மஞ்சள் அட்டைதான் பன்னாட்டுத் தடுப்பூசிச் சான்றிதழ். உலக சுகாதார நிறுவனத்தின் பன்னாட்டுச் சுகாதார விதிகள் (2005) வகுத்த மாதிரியில் அச்சிடப்படும் இதை, அந்தந்த நாட்டு அரசு அங்கீகரித்த மையங்களில் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி போட்டதும் நிரப்பித் தருகிறார்கள். பல ஆண்டுகளாக இதைச் சுமந்து பயணம் செய்தவன் என்ற முறையில், இதன் நிறைகுறைகளைப் பதிவு செய்வது பயனுள்ளது என்று நினைக்கிறேன்.

இதன் பெரிய சிறப்பு எளிமை. பெயர், பிறந்த தேதி, தடுப்பூசி போட்ட நாள், மருந்தின் தொகுதி எண், மருத்துவரின் கையொப்பம், மையத்தின் முத்திரை ஆகியவை ஒரே பக்கத்தில் அடங்கிவிடுகின்றன. ஆங்கிலத்திலோ பிரெஞ்சிலோ நிரப்பியாக வேண்டும் என்பது விதி என்பதால், உள்ளூர் மொழி எதுவானாலும் எல்லையில் இருக்கும் அதிகாரி இதைப் படித்துவிட முடிகிறது. நாளைக் குறிக்கும்போது மாதத்தை எண்ணாக எழுதாமல் எழுத்தால் எழுதச் சொல்வது மிகச் சிறிய ஏற்பாடுதான். ஆனால் நாள் முதலா, மாதம் முதலா என்ற குழப்பத்தை அது அடியோடு தீர்த்துவிடுகிறது.

ஊசி போட்ட 10 நாட்களுக்குப் பிறகே சான்று செல்லுபடியாகும் என்ற நிபந்தனை பலருக்கு எரிச்சல் தருவதைப் பார்த்திருக்கிறேன். உடலில் எதிர்ப்புச் சக்தி உருவாக அந்த அவகாசம் தேவை. 2016ஆம் ஆண்டில் அங்கோலாவில் பெரும் நோய்ப்பரவல் நிகழ்ந்தபோது, அங்கிருந்து சீனாவுக்குச் சென்ற 11 பேருக்கு மஞ்சள் காய்ச்சல் உறுதி செய்யப்பட்டது. இந்நோயைப் பரப்பும் ஏடிஸ் எஜிப்டி கொசு ஆசியாவின் பெரும்பகுதியில் ஏற்கெனவே இருக்கிறது, கிருமி மட்டும்தான் இன்னும் வேரூன்றவில்லை என்பதை நினைத்தால், எல்லையில் இந்த அட்டையைக் கேட்பது வெற்றுச் சடங்கு அல்ல என்பது விளங்கும்.

இனி குறைகள். முன்பு இச்சான்று 10 ஆண்டுகளுக்கு மட்டுமே செல்லும். 2016 ஜூலை 11 முதல் அது வாழ்நாள் முழுவதும் செல்லும் என்று விதி திருத்தப்பட்டது. பழைய அட்டைகளுக்கும் அது பொருந்தும். ஆனால் என் பழைய அட்டையில் 10 ஆண்டுக் காலாவதி நாள்தான் எழுதப்பட்டிருந்தது. ஒரு விமான நிலையத்தில் அதைப் பார்த்த அதிகாரி என்னை ஓரமாக நிறுத்திவிட்டார். மேலதிகாரி வந்து புதிய விதியை எடுத்துச் சொல்லும்வரை, அடுத்த விமானம் தவறிவிடுமோ என்ற பதற்றத்துடன் காத்திருந்தேன். விதி மாறிய செய்தி கடைசி மேசைவரை போய்ச் சேராவிட்டால், அதன் பலன் பயணிக்குக் கிடைப்பதில்லை.

இதைவிடக் கவலை தருவது போலிச் சான்று. கையெழுத்தையும் முத்திரையையும் மட்டுமே நம்பியிருக்கும் தாளை, வரிசையில் நூறு பேர் நிற்கும்போது எந்த அதிகாரியாலும் சரிபார்க்க இயலாது. 2024 ஜூனில் ஏற்கப்பட்ட விதித் திருத்தங்கள் இத்தகைய ஆவணங்களை டிஜிட்டல் வடிவிலும் வழங்க இடம் தருவதை மனமார வரவேற்கிறேன். அதே நேரம், தாள் வடிவத்தைக் கைவிட்டுவிடக் கூடாது. மின்சாரமும் இணையமும் நிலையாக இல்லாத தரைவழி எல்லைச் சாவடிகளில்தான் இச்சோதனை மிகவும் தேவைப்படுகிறது.

ஒவ்வாமையோ நோய் எதிர்ப்புக் குறைபாடோ உள்ளவர்கள் தடுப்பூசிக்குப் பதிலாக மருத்துவரின் காரணக் கடிதத்தைக் காட்டலாம். எனினும், சில சூழல்களில் 6 நாட்கள்வரை தனிமைப்படுத்தப்படக்கூடும் என்பதையும் அவர்கள் கணக்கில் வைத்துக்கொள்ள வேண்டும்.

முதன்முறை பெறுவோர் மையத்தை விட்டு வெளியேறும் முன்பே, எல்லாக் கட்டங்களும் நிரப்பப்பட்டுள்ளனவா, அடித்தல் திருத்தல் ஏதும் உண்டா என்று பார்த்துவிடுங்கள். ஒரு கட்டம் விடுபட்டாலும் சான்று செல்லாது எனத் தள்ளப்படலாம். முத்திரை இருக்கிறதே என்று கையொப்பத்தைக் கவனிக்காமல் விட்டுவிடாதீர்கள், ஏனெனில் விதிப்படி முத்திரை கையொப்பத்துக்கு ஈடாகாது.