இடது பாதி தெரியவில்லை: பிரிசமா, கணினிப் பயிற்சியா, கண்ணைப் பழக்குவதா?

அப்பாவுக்குப் போன ஆடியில் பக்கவாதம் வந்தது. கை கால் இழுக்கவில்லை, பேச்சு குழறவில்லை, அதனாலேயே ரெண்டு நாள் வீட்டில் யாருக்கும் விஷயம் பிடிபடவில்லை. கதவு நிலையில் இடது தோளை இடித்துக்கொண்டே இருந்தார். சாயங்காலம் டீயோடு வைத்த தட்டில் வலது பக்க வர்க்கியை மட்டும் தின்றுவிட்டு "தீந்துடுச்சா?" என்று கேட்டார். முதலில் பார்த்த கண் மருத்துவர் கண்ணாடிப் பவரை மாற்றி அனுப்பிவிட்டார். அப்புறம் கோத்தகிரியிலிருந்து மேட்டுப்பாளையம் இறங்கி, கோவையில் ஸ்கேன் எடுத்த பிறகுதான் தெரிந்தது: மூளையின் பின்பக்கத்துக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாய் வலது பக்கத்தில் அடைத்து, பின்மண்டை மடலில் ஒரு பகுதி செத்துப்போயிருக்கிறது. கண் ரெண்டும் நன்றாக இருக்கின்றன. ஆனால் ரெண்டு கண்ணிலும் இடது பாதிப் பார்வை இல்லை.

முதல் மூன்று மாதத்தில் சிலருக்குக் கொஞ்சம் தானாகத் திரும்பும், ஆறு மாதம் தாண்டினால் அது அபூர்வம் என்றார்கள். அப்பாவுக்கு அடிப்பக்கம் ஒரு சின்னத் துண்டு திரும்பியது, அதோடு சரி. மிச்சத்துக்கு என்ன வழி என்று தேடியதில் மூன்று கிடைத்தன. நாங்கள் மூன்றாவதைப் பிடித்துக்கொண்டோம், என் சாய்வும் அதன் பக்கம்தான் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

முதலாவது, கணினி முன் உட்கார்ந்து, தெரியும் இடத்துக்கும் தெரியாத இடத்துக்கும் நடுவே உள்ள எல்லையில் வரும் ஒளிப்புள்ளிகளைப் பார்த்துப் பொத்தானை அழுத்தும் பயிற்சி. 1998-ல் ஜெர்மனியில் காஸ்டன், சாபெல் குழு வெளியிட்ட ஆய்வு இதற்குப் பெயர் வாங்கித் தந்தது. தினம் ஒரு மணி நேரம், ஆறு மாதம், கிடைப்பது சுமார் 5 பாகை அகலம். ஆனால் 2005-ல் இன்னொரு குழு, விழித்திரையையே நேராகப் பார்த்து, கண் நகராததை உறுதி செய்துகொண்டு அளந்தபோது அந்த எல்லை சொல்லிக்கொள்ளும்படி நகரவில்லை. கண் லேசாக இடது பக்கம் நழுவுவதைத்தான் முன்னேற்றமாகக் கணக்குப் போட்டார்களோ என்ற கேள்வி அதிலிருந்து வந்ததுதான். அப்பா எழுபது தாண்டியவர், திரை முன்னால் பத்து நிமிடத்தில் தலையைப் பிடித்துக்கொள்கிறார். இதை நாங்கள் தொடவே இல்லை.

ரெண்டாவது பிரிசம், அதாவது ஒளியை வளைத்துக் காட்சியை இடம் மாற்றிக் காட்டும் பட்டை. கண் ஆய்வாளர் எலி பெலி (Eli Peli) வடிவமைத்த முறையில், பார்வை போன பக்கத்துக் கண்ணாடியில், கருவிழிக்கு மேலேயும் கீழேயும் ரெண்டு பட்டைகளை ஒட்டுவார்கள். 40 பிரிசம் டயாப்டர் (பிரிசத்தின் வலிமைக்கான அளவு) பட்டை ஒட்டினால் தெரியாத பக்கத்தில் இருப்பது சுமார் 20 பாகை நகர்ந்து, தெரியும் பக்கத்துக்கு வந்து நிற்கும். யோசனை அருமை, சமவெளியில் அகலமான நடைபாதையில் நடப்பவருக்கு நன்றாகவே உதவலாம். எங்கள் பாதை அப்படி இல்லை. கடைத்தெருவுக்குப் போகும்போது பள்ளம் இடது கைப் பக்கம், திரும்பும்போது வலது கைப் பக்கம். தேயிலைக்கு நடுவே இறங்கும் படிக்கட்டு ஒன்றும் ஒரே உயரம் கிடையாது. காட்டெருமை நிற்கும் இடத்தில் இல்லாமல் வேறு இடத்தில் தெரிந்தால் அப்பா எந்தப் பக்கம் ஒதுங்குவார்? ஒட்டுத் தகட்டில் மூடுபனியின் ஈரம் படிந்தால் அதன் நுண்ணிய வரிகளுக்குள் அழுக்கு சேர்ந்துவிடுகிறது, அழுத்தித் துடைத்தால் கீறல். நாங்கள் பதினோரு நாள்தான் போட்டுப் பார்த்தோம், ஐந்தாம் நாளிலிருந்து தலைவலி. பதினோரு நாளை வைத்துத் தீர்ப்புச் சொல்வது நியாயமில்லை, பழகியவர்கள் வேறு மாதிரி சொல்லலாம். இங்கிலாந்தில் 87 பேரை வைத்து பிரிசம், தேடல் பயிற்சி, வழக்கமான கவனிப்பு மூன்றையும் ஒப்பிட்ட சோதனையிலும் பிரிசம் போட்டவர்களிடம் தலைவலிதான் பெரிய புகார். அன்றாட வாழ்க்கை மேம்பட்டது தேடல் பயிற்சிக்காரர்களுக்கு.

மூன்றாவது அந்தத் தேடல் பயிற்சிதான். போன பார்வையைத் திரும்பக் கேட்காமல், கண்ணை அந்தப் பக்கம் பாயப் பழக்குவது. இப்படிப் பார்வை போனவர்கள் தெரியாத பக்கம் திரும்பும்போது கண் குட்டிக் குட்டி எட்டாக வைத்துத் தடவிக்கொண்டு போகும், பாதியிலேயே நின்றும் விடும். அதை ஒரே பெரிய தாவலாக மாற்ற வேண்டும். "முதல்ல இடது ஓரத்தைத் தொட்டுட்டு வாங்கப்பா" என்பதுதான் வீட்டில் எங்கள் மந்திரம். சாப்பாட்டு மேசையில் இருபது துணி கிளிப்புகளை இறைத்துவிடுவேன். முதல் வாரம் பதினொன்று, பன்னிரண்டு எண்ணிவிட்டு முடிந்தது என்பார். மேசையின் இடது விளிம்பில் சிவப்பு ரிப்பன் ஒட்டினோம். அந்த ரிப்பன் தெரியும்வரை கண் போயாக வேண்டும், அங்கிருந்துதான் எண்ண ஆரம்பிக்க வேண்டும். நாலாவது வாரம் பத்தொன்பதுக்கு வந்துவிட்டார்.

இதோடு சாவிக்கொத்தையும் சேர்த்துக்கொண்டோம். இடது பக்கம் டார்ச்சை அடிக்கும் அதே நொடியில் அதே இடத்தில் சாவியைக் குலுக்குவது. ஒலியையும் ஒளியையும் சேர்த்து வாங்கிக் கண்ணைத் திருப்பும் ஒரு சின்ன மேடு நடுமூளையில் இருக்கிறது, பின்மண்டையில் அடிபட்டாலும் அது உயிரோடுதான் இருக்கும். இத்தாலியில் இதை முறையான பயிற்சியாகவே ஆராய்ந்திருக்கிறார்கள். நாங்கள் செய்தது அதன் வீட்டுக் கை வைத்தியம், அதே பலன் கிடைக்கும் என்று உறுதி சொல்ல மாட்டேன்.

என்னை உண்மையில் முடிவுக்குத் தள்ளியது மூளை அலை பற்றிப் படித்ததுதான். ஜெர்மன் மருத்துவர் ஹான்ஸ் பெர்கர் 1924-ல் மனித மூளையின் மின் அலையை முதன்முதலில் பதிவு செய்தார், 1929-ல் வெளியிட்டார். கண்ணை மூடினால் பின்மண்டையில் நொடிக்குப் பத்து முறை போல எழும் ஆல்ஃபா அலை, கண்ணைத் திறந்ததும் அடங்கும். பார்வைப் பகுதியில் அடிபட்டவர்களிடம் இந்தத் தாளமே மாறிவிடுகிறது. 2019-ல் வந்த இத்தாலிய ஆய்வில், ஆல்ஃபாவின் வேகம் அடிபட்ட பக்கத்தில் மட்டுமல்ல, அடிபடாத பக்கத்திலும் குறைந்திருந்தது. அடிபட்ட பக்கத்தின் பின்பகுதிகள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும் இணைப்பும் தளர்ந்திருந்தது. ஸ்கேனில் கறுப்பாகத் தெரியும் ஓட்டை எலுமிச்சை அளவுதான், அதன் பாதிப்போ அந்த ஓட்டையோடு நிற்பதில்லை.

இதைப் படித்தபோது அப்பாவின் மேல் நான் பட்ட கோபமெல்லாம் நினைவுக்கு வந்தது. "வலது பக்கம் நல்லாத்தானே தெரியுது, ஏன் இவ்வளவு மெதுவா?" என்று எத்தனை முறை கேட்டிருக்கிறேன். அவர் சோம்பல்படவில்லை. அவர் களைப்புக்கும் அந்தத் தாளத்துக்கும் நேரடியாக முடிச்சுப் போடுவது என் ஊகம்தான், ஆனால் அதை நம்பித்தான் பயிற்சியை மாற்றினேன். ஒரே மூச்சாக ஒரு மணி நேரம் வேண்டாம், காலையில் எட்டு நிமிடம், மதியம் எட்டு, விளக்கு வைப்பதற்கு முன் எட்டு.

செலவு பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை: கிளிப், ரிப்பன், டார்ச். கடைசியில் எல்லாம் வந்து நிற்பது பராமரிப்பில்தான். ஆறு மாதம் கழித்தும் இதை யார் செய்வார்கள்? கணினிப் பயிற்சி நின்றால் அங்கேயே நின்றது. பிரிசப் பட்டை பழுதானால் மறுபடி கீழே இறங்க வேண்டும், மழைக்காலத்தில் மண் சரிந்து பாதை அடைத்துவிட்டால் அதுவும் முடியாது. கண்ணைத் திருப்பும் பழக்கத்துக்கு இதெல்லாம் கிடையாது, வாசலைத் தாண்டும் ஒவ்வொரு தடவையும் அதுவே பயிற்சியாகிவிடுகிறது. சாய்ந்த பாதையில் அவர் தலை இப்போது தானாக இடது பக்கம் போய்ப் போய் வருகிறது.

ஒன்று மட்டும் கவனித்துக்கொள்ளுங்கள். இடது பக்கம் என்று ஒன்று இருப்பதையே மூளை மறந்துவிடும் இன்னொரு நிலை உண்டு, அது வேறு. அப்பாவுக்குத் தனக்குத் தெரியவில்லை என்பதாவது தெரிகிறது, சொன்னால் திரும்பிப் பார்க்கிறார். உங்கள் வீட்டில் சொல்லியும் திரும்பாமல் இருந்தால் இந்தக் கிளிப் விளையாட்டு போதாது, நரம்பியல் மருத்துவரிடம் அதைத் தனியாகக் கேளுங்கள். வண்டி ஓட்டும் பேச்சையும் எடுக்காதீர்கள். அப்பாவின் ஸ்கூட்டரை நாங்கள் விற்றுவிட்டோம், அந்த ஒரு வாரம் அவர் யாரோடும் பேசவில்லை. இப்போது பஸ் நிறுத்தம் வரை தனியாக நடக்கிறார், சந்தை நாளில் மட்டும் நான் அவருடைய இடது பக்கம் கூட நடக்கிறேன்.