அளந்து பார்த்த பிறகே கழற்றும் பாலக்கரை எலக்ட்ரீஷியன்

அப்பாவின் 1992 புல்லட் 350-ஐ இப்போது நான்தான் ஓட்டுகிறேன். ஆடி மாதத்திலிருந்து ஒரு தொல்லை. இரவில் ஹெட்லைட் எரியும்போது ஹாரனை அழுத்தினால் விளக்கு மங்கும், எஞ்சின் விக்கும். லால்குடி சாலையில் இருமுறை நின்றேவிட்டது. முதலில் பார்த்தவர் பேட்டரியை மாற்றினார். அடுத்தவர் பேட்டரிக்குப் போகும் சார்ஜைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டரை மாற்றினார். நாலாயிரம் ரூபாய் போன பிறகும் விளக்கு மங்கிக்கொண்டுதான் இருந்தது.

அதற்குப் பிறகுதான் திருச்சி பாலக்கரையில் உள்ள ஒரு கடைக்குப் போனேன். அதன் பலகையில் ‘ஆட்டோ எலக்ட்ரிகல்’ என்பதைத் தவிர வேறு பெயர் இல்லை. உள்ளே அறுபது வயதைத் தாண்டிய பெரியவர் ஒருவர். “எப்போதம்மா மங்குகிறது? ஹேண்டிலைத் திருப்பும்போதா, நேராகப் போகும்போதா?” என்றுதான் தொடங்கினார். அதுவரை யாரும் என்னிடம் அதைக் கேட்டதில்லை.

பேட்டரி 12.6 வோல்ட் காட்டியது. அதில் குறையில்லை. பிறகு ஹெட்லைட்டை எரியவிட்டு, மல்டிமீட்டரின் ஒரு முனையை பேட்டரியின் நெகட்டிவிலும் மறுமுனையை எஞ்சின் உலோகத்திலும் வைத்தார். 1.4 வோல்ட்! அந்த இடத்தில் 0.2-க்கு மேல் காட்டினாலே எர்த், அதாவது மின்சாரம் வண்டியின் உலோக உடல் வழியாகப் பேட்டரிக்குத் திரும்பும் இணைப்பு, சரியில்லை என்று பொருள். ஆண்டுதோறும் வகுப்பில் ஓம் விதி நடத்துகிறேன்; தடை இருக்கும் இடத்தில் வோல்ட் விழும் என்பதை என் வண்டியிலேயே கண்ணால் கண்டபோது சிலிர்த்துவிட்டது. இரண்டு ஆண்டுகளுக்கு முன் சேசிஸுக்குப் பெயிண்ட் அடித்தவர்கள் எர்த் போல்ட்டின் அடியிலும் பூசியிருக்கிறார்கள். உப்புத்தாளால் இரும்பு பளிச்சிடும் வரை தேய்த்து, ஒயர் முனையில் புது லக் (போல்ட்டில் மாட்டும் உலோக வளையம்) போட்டு இறுக்கினார். மீட்டர் 0.05-க்கு இறங்கியது.

நான் பணத்தை எடுத்துவிட்டேன். அவர் விடவில்லை. எஞ்சினை ஓடவிட்டு ஹேண்டிலை இடப்பக்கம் முழுவதும் திருப்பினார். ஆம்பியர் மீட்டரின் முள் துடித்தது, எஞ்சின் விக்கியது. கழுத்துப் பகுதியில் ஒயரின் உறை நன்றாக இருந்தது, உள்ளே மூன்று நான்கு இழைகள்தான் மிச்சம். விளக்கை அணைத்துவிட்டு அளந்தால் அந்த ஒயரிலும் முழு 12 வோல்ட் வரும். சுமை ஏற்றினால்தான் குட்டு வெளிப்படும் என்று செய்தே காட்டினார். புது ஒயரையும் கையில் கிடைத்த நிறத்தில் போடவில்லை. பழைய நிறத்தையே தேடி எடுத்தார். அடுத்து வண்டியைத் திறப்பவர் திண்டாடக்கூடாதாம்.

எஞ்சினை முறுக்கியபோது பேட்டரியில் 14.1 வோல்ட்; சார்ஜ் சரியாக ஏறுகிறது. மூன்று மணி நேர வேலைக்கு 450 ரூபாய் வாங்கினார்.

குறைகளும் உண்டு. ஒரே ஆள் என்பதால் காலை பத்து மணிக்குள் போகாவிட்டால் மறுநாள்தான். உட்கார இடமில்லை, ரசீது தருவதில்லை. ஃப்யூயல் இஞ்ஜெக்‌ஷன் வண்டிகளைத் தொடமாட்டார். பாயிண்ட், காயில் வைத்துத் தீப்பொறி கொடுக்கும் பழைய வண்டி என்றால் தயங்காமல் போகலாம்.

கிளம்பும்போது, முன்பு கழற்றிய பழைய ரெகுலேட்டரை அவரிடம் நீட்டினேன். வண்டியில் மாட்டி அளந்தார். அதுவும் நன்றாகவே வேலை செய்தது. துணியில் சுற்றிக் கொடுத்தார். அப்பாவின் டூல் பெட்டியில் வைத்திருக்கிறேன்.