தொண்டி ரோட்டில் பலகை இல்லாத கடை: கறுப்பு எலுமிச்சைச் சோறும் ஒரு தண்ணீர்க் குழாயும்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பரோட்டாவுக்காக இந்தக் கடைக்குப் போகாதீர்கள். மாவு போதுமான நேரம் ஊறுவதில்லை. காலையில் போட்டதை மதியம் கல்லில் சூடு பண்ணி வைக்கிறார்கள், பிய்க்கவே தனித் தெம்பு வேண்டும். இடியாப்பம் பரவாயில்லை, மூன்று முப்பது ரூபாய், தேங்காய்ப்பால் கேட்டால் தாராளமாக ஊற்றுகிறார்கள். ஆனால் நான் உட்கார்ந்து எழுதுவது அதற்காகவும் இல்லை. வெள்ளிக்கிழமை மதியம் மட்டும் போடுகிற ஒரு சோற்றுக்காக. அப்புறம் கடையின் பக்கச் சுவரில் இருக்கிற ஒரு குழாய்க்காக.

ராமநாதபுரத்திலிருந்து தேவிபட்டினம் வழியாகத் தொண்டி போகிற கிழக்குக் கடற்கரைச் சாலையில், திருப்பாலைக்குடி தாண்டி உப்பூர் வருவதற்கு முன்னால் இருக்கிறது. பெயர்ப்பலகை கிடையாது. நீலத் தகரக் கூரை, முன்னால் ரெண்டு பனை, அதில் ஒன்று இடி விழுந்து மொட்டையாக நிற்கும். அதுதான் அடையாளம். பஸ் அங்கே நிற்காது, கண்டக்டர் நல்ல மனுஷனாக இருந்தால் நிற்கும். அக்கம்பக்கத்தில் 'துபாய்க்காரர் கடை' என்று கேட்டால் கை காட்டுவார்கள். கடைக்கார பாய் துபாயில் வேலை பார்த்ததே இல்லை, இருந்தது அபுதாபிப் பக்கம் அல் ஐன் என்கிற ஊர். நம்ம பக்கத்தில் அரபு நாடு எல்லாமே துபாய்தானே.

நான் செண்ட்ரிங் ஆள். அங்கே அதற்கு ஷட்டரிங் கார்பெண்டர் என்று பேர். 13 வருஷம் துபாயில் பலகை அடித்துவிட்டு, 2020 கொரோனாவில் ஊர் வந்தவன் திரும்பப் போகவில்லை. இப்போது ராமநாதபுரத்தில் செண்ட்ரிங் சாமான் வாடகைக்கு விடுகிறேன். போன சித்திரையில் உப்பூர்ப் பக்கம் ஒரு வீட்டுக்கு ஜாக்கியும் பலகையும் இறக்கிவிட்டுத் திரும்பும்போது பசி. வண்டியை நிறுத்தினேன். அன்றைக்கு வெள்ளிக்கிழமையாக இருந்தது என் அதிர்ஷ்டம்.

தட்டில் வந்தது பிரியாணி மாதிரி இருந்தது, ஆனால் பிரியாணி இல்லை. சோறு பழுப்பு மஞ்சள். மசாலா மூக்கில் ஏறாமல் அடியில் கிடக்கிறது. மேலே விளைமீன் துண்டு ஒன்று, பொரித்துப் பிறகு சோற்றோடு தம்மில் வைத்தது. அப்போது விசைப்படகுகளுக்குத் தடைக்காலம், ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. அதனால் நாட்டுப்படகில் வந்த மீன், அளவு சின்னது, ருசி குறையவில்லை. சோற்றுக்குள் கோலிக்குண்டை விடப் பெரிதாக, கரி மாதிரி ஒரு உருண்டை.

பக்கத்து மேசையில் ஒரு குடும்பம், ராமேஸ்வரம் போய்விட்டு வேளாங்கண்ணி போகிறவர்கள் போல. அந்த அம்மா அதைக் கரண்டியால் ஒதுக்கி, "என்னங்க இது, கருகிப்போன ஜாதிக்காயா?" என்றார். வீட்டுக்காரர் பரிமாறும் பையனைக் கூப்பிட்டுச் சத்தம் போட ஆரம்பித்துவிட்டார். பையன் ஒரு நாளைக்குப் பத்துத் தடவை சொல்லிச் சலித்த குரலில், "எலுமிச்சம்பழம் சார். சாப்பிடாதீங்க, வாசத்துக்கு" என்றான்.

எனக்கு அது தெரியும். அங்கே லூமி என்பார்கள். எலுமிச்சையை உப்புத் தண்ணீரில் கொதிக்கவிட்டு, உள்ளே கறுக்கிற வரைக்கும் வெயிலில் காயப் போடுவது. பாய் அதை வெளியில் வாங்குவதில்லை, கடைக்குப் பின்னாலேயே முறத்தில் காய வைக்கிறார். "எலுமிச்சைதான் தம்பி காசு. உப்பும் வெயிலும் நம்மூர்ல சும்மா கெடக்கு" என்றார்.

அந்தச் சோற்றுக்கு மச்பூஸ் என்று பேர். நான் அதை முதல் தடவை சாப்பிட்ட கதையைச் சொல்லாமல் இந்தக் கடைக்கு மார்க் போட முடியாது, கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

2007 ஜூலை. நான் துபாய் போய் ஒரு மாசம்கூட ஆகவில்லை. தங்கல் சோனாப்பூர் தொழிலாளர் கேம்ப். அப்போதெல்லாம் அங்கே வார லீவு வெள்ளிக்கிழமை. டேராவில் சப்கா பஸ் ஸ்டாண்டு பக்கம் எங்கள் ஊர்க்காரர் ஒருத்தர் நிற்பார், அம்மா கொடுத்துவிட்ட பொட்டலத்தை வாங்கிக்கொள்ள வேண்டும். காலையிலேயே போய் வாங்கிவிட்டேன். கருவாடு, ரெண்டு பொட்டலம் முண்டு மிளகாய்ப்பொடி. திரும்பும்போது பஸ் மாறி ஏறிவிட்டேன். டிரைவர் ராஷிதியாவில் இறக்கிவிட்டுக் கையை எங்கேயோ காட்டினார். மெட்ரோ எல்லாம் 2009-இல் வந்தது. கையில் மூணு திர்ஹம்.

தொழுகை நேரம், ஒரு கடை திறந்திருக்கவில்லை. தெருவில் ஒரு பூனைகூட இல்லை. ரெண்டு பக்கமும் பெரிய பெரிய வீடுகள், உயரமான மதில்கள். அந்த ஊர் வெயிலில் மதியம் வெளியில் வேலை வாங்கக் கூடாது என்று சட்டமே இருக்கிறது. இப்போது ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை, பன்னிரண்டரைக்கும் மூன்றுக்கும் நடுவில். நடக்கக் கூடாது என்று சட்டம் இல்லை. நடந்தேன். நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது.

ஒரு மதிலின் வெளிப்பக்கம் ஸ்டீல் பெட்டி ஒன்று. ரெண்டு குழாய், சங்கிலியில் ஒரு டம்ளர். கரண்டில் ஓடுகிற கூலர், உர்ர் என்று சத்தம். யாருடையதோ, தொட்டால் திட்டுவார்களோ என்று கொஞ்ச நேரம் நின்றேன். அப்புறம் குடித்தேன். நாலு டம்ளரா அஞ்சா தெரியாது, பல் கூசுகிற அளவுக்குக் குளிர்ச்சி. ஊரில் குழாயடியில் சண்டை போட்டு வளர்ந்தவனுக்கு, கேட்க ஆள் இல்லாமல் தண்ணீர் இப்படி வருவது நம்பும்படியாகவே இல்லை. அதற்கு சபீல் என்று பேர், செத்துப்போன அப்பா அம்மா நினைவாகக்கூட வைப்பார்கள் என்பதெல்லாம் ரொம்பப் பின்னாடி தெரிந்துகொண்டது.

மதில் நிழலில் உட்கார்ந்துவிட்டேன். பெரிய கேட்டுக்குப் பக்கத்தில் ஒரு சின்னக் கதவு. அது திறந்து ஒரு பெண் வந்தாள், அந்த வீட்டில் வேலை செய்கிறவளாக இருக்க வேண்டும். கையில் அலுமினியத் தாள் மூடிய பெரிய தட்டு. "கானா, கானா" என்று, இந்தியில் சாப்பாடு, முன்னால் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். முகத்தைச் சரியாகப் பார்க்கக்கூட இல்லை. வீட்டுக்காரர்கள் யாரையும் அன்றைக்கும் பார்க்கவில்லை, அப்புறமும் பார்க்கவில்லை. மாடி ஜன்னலிலிருந்து யாராவது பார்த்திருப்பார்கள், அவ்வளவுதான் எனக்குத் தெரியும்.

சோறும் கோழியும். அந்தக் கறுப்பு உருண்டையை ஈரல் என்று நினைத்து முழுசாகக் கடித்துவிட்டேன். கசப்பும் புளிப்பும் மண்டையில் ஏறி, கண்ணில் தண்ணீர் வந்தது. நியாயமாக அழுகை வந்திருக்க வேண்டிய இடம், எலுமிச்சையால் வந்தது.

பிரச்சினை தட்டு. கண்ணாடித் தட்டு, பூப்போட்டது. கேட்டைத் தட்டிக் கொடுக்கத் தைரியம் இல்லை. அதே குழாயில் கழுவி, தாளை மடித்து, கூலர் மேலேயே வைத்தேன். வெறும் தட்டாக வைக்க மனசு கேட்கவில்லை. நம்ம வீட்டில் பக்கத்து வீட்டுக் கிண்ணத்தை வெறுமனே திருப்பித் தரமாட்டோமே. ஒரு மிளகாய்ப்பொடிப் பொட்டலத்தை அதில் வைத்துவிட்டு வந்தேன்.

13 வருஷமும் அங்கே பாலும் தேனும் ஓடியதாகக் கதை விடவில்லை. ஒரு கம்பெனி ரெண்டு மாசச் சம்பளத்தை இழுத்தடித்தது, பேர் இப்போது எதற்கு. அந்த ரெண்டு மாசமும் கேம்புக்குப் பக்கத்தில் ரொட்டி அடுப்பு வைத்திருந்த ஒரு பதான்காரன்தான் கடன் கொடுத்தான். நோட்டே போடவில்லை. சம்பளம் வந்ததும் போய், "எவ்வளவு?" என்றால், "நீயே சொல்லு" என்கிறான். சொன்னேன். எண்ணாமல் டப்பாவில் போட்டான்.

சரி, கடைக்கு வருவோம்.

சாப்பிட்டு முடித்துக் கை கழுவத் தொட்டி எங்கே என்று கடையைச் சுற்றிப் போனேன். வடக்குச் சுவரில் ஸ்டீல் பெட்டி. ரெண்டு குழாய். சங்கிலியில் டம்ளர். உர்ர் சத்தம். ஒரு நிமிஷம் அங்கேயே நின்றுவிட்டேன்.

என் தொழில் புத்தி என்ன சொன்னது என்றால், இடம் தப்பு. தண்ணீர் டேங்கும் கரண்டு மீட்டரும் கடை முகப்பில் இருக்கின்றன. அங்கேயிருந்து பக்கச் சுவருக்கு இழுத்ததில் பைப்பும் ஒயரும் தண்டம். பாயிடம் கேட்டேன். "பிளம்பரும் இதையேதான் சொன்னான்" என்றார். "முன்னாடி வச்சா கல்லாவுல நான் உக்காந்திருப்பேன். தண்ணி குடிக்க வந்தவன், சும்மா குடிச்சிட்டுப் போறோமே, ஒரு டீயாவது சொல்லணுமேன்னு நெனப்பான். கையில காசில்லைன்னா குடிக்காமலே போயிருவான். பக்கச் செவுத்துல இருந்தா என் மூஞ்சியப் பாக்க வேண்டியதில்ல."

அல் ஐனில் 19 வருஷம் ஒரு வீட்டு டிரைவர் அவர். அந்த வீட்டு மதிலிலும் கூலர் இருந்ததாம், பில்டர் மாற்றுவதும் பெட்டியைத் துடைப்பதும் அவர் பொறுப்பு. வெளியிலிருந்து குடித்தவன் நான், உள்ளேயிருந்து ஊற்றியவர் அவர்.

இங்கே யார் குடிக்கிறார்கள் என்று நாலைந்து தடவை போனதில் பார்த்துவிட்டேன். உப்பளத்துப் பொம்பளைகள் பாட்டில் பாட்டிலாகப் பிடித்துப் போகிறார்கள். கரிமூட்டத்தில் வேலை செய்கிறவர்கள், கிடை ஆட்டுக்காரர்கள், பைக்கில் போகிற பையன்கள். காவிரிக் கூட்டுக் குடிநீர் வந்தும் தள்ளுவண்டியில் நாலைந்து குடத்தை அடுக்கித் தள்ளிக்கொண்டு போவதை இன்றைக்கும் பார்க்கிற மாவட்டம் இது. வெயில் காலத்தில் ஒரு நாளைக்கு ஆறேழு கேன் ஆகிறது என்றார். விலைக்கு வாங்கித்தான் ஊற்றுகிறார்.

தானம் நம்ம ஊருக்குப் புதுசு இல்லை. ராமேஸ்வரம் போகிறவர்களுக்காகச் சேதுபதி ராஜாக்கள் வழியெல்லாம் சத்திரம் கட்டிய சீமைதான். இப்போது கோடையில் ரோட்டோரம் மோர்ப் பந்தல் போடுகிறார்கள், பேனரில் பன்னிரண்டு பேர் படம், கீழே ரெண்டு பானை. சித்திரை முடிவதற்குள் பானை போய்விடும், பேனர் இருக்கும். பாய் கூலரில் ஒரு எழுத்துக்கூட இல்லை. கடைக்கே பேர் வைக்காத ஆள்.

குறைகளையும் சொல்ல வேண்டும். கரக் சாயா, அரபு நாட்டுப் பக்கத்துக் கெட்டிப் பால் டீ, இருபது ரூபாய், சர்க்கரை அள்ளிப் போடுகிறார், பாதி போடச் சொல்லிக் கேளுங்கள். கழிப்பறையை எண்ணி வண்டியை நிறுத்தாதீர்கள். டவர் கிடைக்காத நேரம் போனில் பணம் போகாது, கையில் நோட்டு இருக்கட்டும். ஜன்னலோர பெஞ்சு ஆடும். போன மாசம் நானே பிளைவுட் துண்டு ஒன்றைச் செதுக்கி முட்டுக் கொடுத்தேன், இப்போது கொஞ்சம் தேவலாம். மச்பூஸ் 160 ரூபாய், மீன் கிடைக்காத வாரம் கோழி. தக்காளியும் பச்சை மிளகாயும் அரைத்த காரச் சட்னி ஒன்று தருகிறார், நம்ம நாக்குக்கு அது இல்லாமல் முடியாது. சோற்றுக்கு நாலு ஸ்டார். பரோட்டாவுக்கு ஒன்றுகூட அதிகம்.

கடைசியாகப் போனபோது அந்தத் தட்டுக் கதையைப் பாயிடம் சொன்னேன். யாரிடமும் அதிகம் சொன்னதில்லை. "தட்டு உடஞ்சிருக்குமோ, கெடச்சிருக்குமோ" என்றேன்.

"கெடச்சிருக்கும் தம்பி. கழுவி வச்ச தட்டு நானே எத்தனையோ எடுத்து உள்ள குடுத்திருக்கேன். கூலர் மேல சில்லறை கெடக்கும், பேரீச்சம்பழம் கெடக்கும். ஒரு தடவ எவனோ மூணு பீடி வச்சிட்டுப் போயிருந்தான்."

"மிளகாய்ப்பொடி?"

அதற்குக் கொஞ்சம் யோசித்தார். "மொதல்ல மோந்து பாத்துத் தும்மியிருப்பாங்க. அப்புறம் அந்த வேலைக்காரப் புள்ளகிட்ட குடுத்திருப்பாங்க. அது சிலோன்காரப் புள்ளையா இருந்திருந்தா, அன்னைக்கு அதுக்குப் பெருநாளு."

வெள்ளிக்கிழமை போகிறவர்களுக்கு ஒரு விஷயம். ஜும்ஆ தொழுகை முடிந்து பாய் வந்த பிறகுதான் அண்டாவைத் திறப்பார், ஒன்றே முக்கால் ஆகும். மூன்று மணிக்குப் போனால் பரோட்டாதான்.