ஷார்ட் டைம் மாதங்களில் எதை நிறுத்துவது, எதைத் தொடக்கூடாது: பயன்படுத்திப் பார்த்த ஒரு பட்ஜெட் முறை

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் ஆலைகள் ஷார்ட் டைம், அதாவது வேலை நேரக் குறைப்பு, அறிவிக்கும்போது சம்பளம் நின்றுபோவதில்லை, சில மாதங்களுக்குச் சுருங்குகிறது. வேலை போனவருக்கான பட்ஜெட் இதற்குப் பொருந்தாது. இங்கே சொல்லும் முறையில் ஒவ்வொரு செலவுக்கும் ஒரே கேள்விதான்: இன்று நிறுத்தினால், முழுச் சம்பளம் வந்ததும் மறுபடி தொடங்க என்ன ஆகும்? ஒன்றும் ஆகாது என்றால் முதலில் அதில் கைவைக்கலாம். காத்திருப்புக் காலமோ அபராதமோ உண்டென்றால் கடைசிவரை விட்டுவைக்க வேண்டும். நீண்ட நாள் பயன்பாட்டுக்குப் பிறகும் இதைவிட நம்பகமான அளவுகோல் எங்களுக்குக் கிடைக்கவில்லை.

முதலில் பேஸ்லிப். ஐந்து நாள் வேலை வாரத்தில் ஒரு நாள் குறைந்தால் மொத்தச் சம்பளம் 20 சதவீதம் குறையும். கைக்கு வருவதோ வேறு கணக்கு. 18,000 ரேண்ட் வாங்குபவருக்கு 2025-26 வரி அட்டவணைப்படி, வரியும் யூஐஎஃப்பும் (வேலையிழப்புக் காப்பீட்டு நிதிக்கான பிடித்தம்) போக ஏறக்குறைய 16,019 ரேண்ட் வரும். 14,400 ஆகும்போது 13,100. வரியும் சேர்ந்து குறைவதால் இழப்பு 18 சதவீதம்தான். ஆனால் மெடிக்கல் எய்ட் (மருத்துவச் செலவுத் திட்டம்) போன்ற பிடித்தங்கள் சம்பளத்தோடு சுருங்காது. அதற்கு மாதம் 2,500 போகிறதென்றால் 13,519 என்பது 10,600 ஆகிறது. இழப்பு 21 சதவீதத்தைத் தாண்டிவிடும். பட்ஜெட்டை இந்தக் கடைசி எண்ணிலிருந்து தொடங்குங்கள். ஓவர்டைம் வரலாம் என்று அதில் ஒரு ரேண்ட்கூடச் சேர்க்காதீர்கள்.

யூஐஎஃப் ஈடுகட்டும் என்று எண்ணிப் பலரும் ஏமாறுவது உண்டு. வேலை நேரம் குறைந்தாலும் உதவித்தொகை உண்டு என்பது சட்டத்தில் இருக்கிறது. ஆனால் முழுதாக வேலை இழந்திருந்தால் என்ன கிடைத்திருக்குமோ, அதற்கும் கீழே உங்கள் வருமானம் போயிருக்க வேண்டும். யூஐஎஃப் கணக்கில் எடுக்கும் உச்சவரம்பான 17,712 ரேண்ட் சம்பளத்துக்கு அது 38 சதவீதம், அதாவது சுமார் 6,730 ரேண்ட். வாரத்தில் ஒரு நாள் குறைந்தவருக்கு ஒன்றும் வராது. சம்பளம் பாதிக்கும் கீழே போனவர் விண்ணப்பித்துப் பார்க்கலாம்.

தொடக்கூடாதவற்றில் முதலிடம் மெடிக்கல் எய்ட். அதில் 90 நாள் இடைவெளி விழுந்துவிட்டால், மறுபடி சேரும்போது 3 மாதப் பொதுக் காத்திருப்பும், ஏற்கெனவே உள்ள நோய்க்கு 12 மாத விலக்கும் விதிக்கச் சட்டம் இடம் தருகிறது. சர்க்கரைக்கு மாத்திரை எடுக்கும் ஒருவர் வீட்டில் இருந்தால் இந்தச் சேமிப்பு சேமிப்பே அல்ல. வேண்டுமானால் கீழ்நிலைத் திட்டத்துக்கு மாறக் கேளுங்கள். பெரும்பாலும் அது ஜனவரியில்தான் நடக்கும். ஃபியூனரல் பாலிசியும் (இறுதிச் சடங்குச் செலவுக்கான காப்பீடு) இப்படித்தான். தவணை கட்டாமல் லாப்ஸ் ஆகிப் புதிதாக எடுத்தால், இயற்கை மரணத்துக்குப் பொதுவாக 6 மாதம் காத்திருக்க வேண்டும். கம்பெனியின் குரூப் லைஃப் (ஊழியர்களுக்கான கூட்டு ஆயுள் காப்பீடு) பெரும்பாலும் சம்பளத்தின் மடங்காகக் கணக்கிடப்படும். எந்தச் சம்பளம், பழையதா குறைந்ததா என்று எச்ஆரிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். குறைப்பு எந்தத் தேதியில் முடிகிறது என்பதும் அதே கடிதத்தில் இருக்கட்டும்.

எளிதில் நிறுத்தக்கூடியவை ஸ்ட்ரீமிங், வெளியே வாங்கும் பன்னி சௌ (ரொட்டிக்குள் கறி நிரப்பியது), கூடுதல் டேட்டா. ஜிம் ஒப்பந்தத்தை நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி 20 வேலைநாள் முன்னறிவிப்பில் ரத்து செய்யலாம். நியாயமான ஒரு கட்டணம் கேட்பார்கள்.

மளிகைப் பணத்தில் தவறு நடப்பது வகுத்தலில். 4,000 ரேண்டை நான்கு வாரத்துக்கு ஆயிரம் ஆயிரமாகப் பிரித்தால் 28 நாள்தான் ஓடும். சம்பள நாளான 25ஆம் தேதிக்கு முந்தைய நாட்கள் கடனில் போகும். 31ஆல் வகுத்து 7ஆல் பெருக்குங்கள்: வாரத்துக்கு 903. அந்தத் தொகையை மட்டும் வெள்ளிக்கிழமை தனிக் கார்டுக்கு மாற்றிவிட்டு, அதோடு சாட்ஸ்வொர்த் பங்களாதேஷ் மார்க்கெட்டுக்குப் போகலாம். டிசம்பர் சம்பளம் 15ஆம் தேதியே வந்தால் அடுத்தது வரை 41 நாள். அப்போது வாரத்துக்கு 683தான். அரிசி, பருப்பு, சமையல் எண்ணெய், பால், முட்டை, காய்கறிக்கு வாட் வரி இல்லை. கோழிக்கும் இறைச்சிக்கும் 15 சதவீதம் உண்டு. புரட்டாசி விரத மாதத்தின் கடைச் சீட்டுகளை எடுத்து வையுங்கள். உங்கள் வீடு இறைச்சியில்லாமல் எவ்வளவில் ஓடும் என்பதற்கு அதைவிடச் சரியான கணக்கு கிடையாது.

மின்சாரத்தில் கீசர்தான் பெரும் பங்கு. 150 லிட்டரை 20 டிகிரியிலிருந்து 60க்குக் கொண்டுபோக 7 யூனிட் ஆகும். பகல் முழுதும் அணைத்துவைப்பதால் மிச்சமாவது தொட்டியிலிருந்து கசியும் வெப்பத்தில் ஒரு பகுதி மட்டுமே. உண்மையான மிச்சம் குளிக்கும் தண்ணீரில் இருக்கிறது. நிமிடத்துக்கு 15 லிட்டர் ஷவருக்குப் பதில் 8 லிட்டர் ஷவர்ஹெட் போட்டால், நால்வர் ஆளுக்கு ஐந்து நிமிடம் குளிக்கும் வீட்டில் மாதம் 95 யூனிட்டுக்கு மேல் குறையும். தெர்மோஸ்டாட்டை 60க்குக் கீழே இறக்க வேண்டாம். வெதுவெதுப்பான தொட்டியில் லெஜியோனெல்லா கிருமி வளரும்.

கடன் தவணைக்கு, ஒன்று தவறுவதற்கு முன்பே கடிதம் எழுதுங்கள். குறைந்த தவணை எவ்வளவு, எத்தனை மாதம் என்று எண்ணோடு கேட்டால் பேச்சு நடக்கும். டெபிட் ஆர்டர் (வங்கிக் கணக்கிலிருந்து தானாகப் போகும் தவணை) தேதிகளைச் சம்பளத்துக்கு மறுநாளுக்கு மாற்றுங்கள்; பணமில்லாமல் திரும்பும் ஒவ்வொன்றுக்கும் வங்கி தனிக் கட்டணம் பிடிக்கும். டெட் கவுன்சலிங் (கடன் ஆலோசகர் வழியாகத் தவணைகளை மாற்றி அமைப்பது) தற்காலிகக் குறைப்புக்கு முதல் வழியாக இருக்கக்கூடாது. அதில் இருக்கும்வரை புதுக் கடன் வாங்க முடியாது, பாதியில் வெளியே வருவதும் கடினம். குறுகிய காலக் கடனுக்கு மாதம் 5 சதவீதம்வரை வட்டி போடச் சட்டம் அனுமதிக்கிறது. அதைத் தவிர்க்கவே இத்தனை பாடும்.

எல்லாம் போதாதபோதுதான் ஓய்வூதிய நிதியின் சேமிப்புப் பகுதி. 2024 செப்டம்பர் 1 முதல் வரியாண்டுக்கு ஒருமுறை, குறைந்தது 2,000 ரேண்ட் எடுக்கலாம். அது அந்த ஆண்டு வருமானத்தோடு சேர்த்து வரி விதிக்கப்படும். பழைய வரிபாக்கி இருந்தால் வரித்துறையான சார்ஸ் அதையும் பிடித்துக்கொண்டுதான் மீதியைத் தரும். 20 வயதுகளில் எடுப்பவர் இழப்பது 2,000 அல்ல, முப்பது வருட வளர்ச்சியோடு கூடிய தொகை. எங்கள் வரிசையில் இதற்கு அதனால்தான் கடைசி இடம்.

முழுச் சம்பளம் திரும்பும் முதல் மாதம் பேஸ்லிப்பை வரிவரியாகப் பாருங்கள், குறிப்பாக ஓய்வூதியப் பிடித்தம் பழைய அளவுக்கு வந்ததா என்று. சரியாக வந்த பிறகு, குறைத்துக் கட்டிய தவணைகளை முதலில் பழைய அளவுக்கு ஏற்றுங்கள். ஸ்ட்ரீமிங்கை அதற்கு அடுத்த மாதம் பார்த்துக்கொள்ளலாம்.