பருக்கை பட்டாலே ஓங்கரிக்கும் குழந்தை: மொபைல் ஊட்டல், உணவு விளையாட்டு, படிப்படி மாற்றம் – எது யாருக்கு?

கூழில் ஒரு பருக்கை தட்டுப்பட்டாலே ஓங்கரித்துத் துப்பும் இரண்டு வயதுக் குழந்தைக்கு, தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் மூன்று யோசனைகள் வரும். "போனைக் காட்டி ஊட்டிவிடு" என்பார்கள் வீட்டுப் பெரியவர்கள். "சாப்பாட்டைத் தொட்டு விளையாட விடுங்க" என்பார் தெரபிஸ்ட். மூன்றாவதை அதிகம் பேர் சொல்வதில்லை: குழந்தை ஏற்கெனவே சாப்பிடும் ஒரு பண்டத்திலிருந்து தொடங்கி, ஒரு தடவைக்கு ஒரே ஒரு குணத்தை மட்டும் மாற்றிக்கொண்டு போவது.

எதைத் தேர்ந்தெடுத்தாலும் முதலில் பாலின் அளவைப் பாருங்கள். ஒரு நாளைக்கு 500 மில்லிக்கு மேல் பால் குடிக்கும் குழந்தைக்குப் பசி எடுக்காது. இரும்புச்சத்தும் குறையும், அது குறைந்தால் பசி இன்னும் மந்தமாகும். ஹீமோகுளோபின் 11 கிராமுக்குக் கீழே இருந்தாலோ, மலச்சிக்கல் இருந்தாலோ அதைச் சரிசெய்யாமல் எந்த முறையும் பலிக்காது.

மொபைல் ஊட்டலுக்கு ஒரே ஒரு நன்மை, கிண்ணம் காலியாகும். திரையைப் பார்க்கும் குழந்தை வாயைத் திறக்கிறது, விழுங்குகிறது, மென்று தின்னப் பழகுவதில்லை. சில குழந்தைகள் கன்னத்தில் ஒதுக்கி வைத்துக்கொள்ளும், சிரிக்கும்போது புரை ஏறும். போனை எடுத்துவிட்டால் மறுபடி பழைய கதைதான். ஏற்கெனவே பழக்கியிருந்தால் ஒரேயடியாக நிறுத்தாதீர்கள். முதலில் சாயங்காலச் சிற்றுண்டிக்கு மட்டும் திரை வேண்டாம். ஒரு வேளை குறைவாகச் சாப்பிட்டாலும் பெரிய நஷ்டமில்லை.

உணவு விளையாட்டு, தட்டு பக்கத்தில் வந்தாலே முகத்தைத் திருப்பும், கையில் ஈரம் பட்டால் அழும் குழந்தைக்கு. காய்ந்ததிலிருந்து தொடங்குங்கள்: தட்டில் ராகி மாவு, பிறகு பிசைந்த மாவு, பிறகுதான் கூழ். முதலில் ஸ்பூனால் கிளறட்டும், அடுத்து விரல் நுனி, உள்ளங்கை, உதடு, கடைசியாக நக்கிப் பார்ப்பது. பத்துப் பதினைந்து நிமிடம் போதும், சாப்பாட்டு நேரத்தில் வேண்டாம். இது கெட்டுப்போவது எப்போதும் ஒரே இடத்தில்தான்: குழந்தை சிரிக்கிறதே என்று நடுவில் ஒரு வாய் திணித்துவிடுவோம். அத்தோடு விளையாட்டின் மேல் உள்ள நம்பிக்கை போய்விடும். ஒவ்வொரு வாய்க்கும் முகம் துடைப்பதும் தொந்தரவே. கடைசியில் ஒரு தடவை, ஈரத்துணியால் அழுத்தித் துடைத்தால் போதும். வாரக்கணக்கில் விளையாடினாலும் வயிற்றுக்குள் எதுவும் போகாது என்பதுதான் இதன் குறை.

கஞ்சி, பிஸ்கட், இட்லி என்று ஏதாவது ஒன்றையாவது வாயில் வாங்கும் குழந்தைக்குப் படிப்படி மாற்றம்தான் எங்கள் முதல் தேர்வு. தனிச் செலவு கிடையாது, வயிறும் காயாது. ஆனால் நம்மூர்ச் சமையலே இதற்குக் குறுக்கே நிற்கும். களியிலும் கூழிலும் அரிசி நொய் சேர்ப்பது இங்கே வழக்கம். தளர்வான கூழுக்குள் கட்டி கிடப்பதுதான் இந்தக் குழந்தைகளுக்கு மிகக் கடினமான பதம். நீரை விழுங்க வேண்டும், கட்டியை நிறுத்தி மெல்ல வேண்டும். இரண்டையும் நாக்கு ஒரே சமயத்தில் பிரிக்க வேண்டும். ரசம் ஊற்றிய சாதத்திலும் இதே சிக்கல். வெறும் கஞ்சியிலிருந்து நேரே நொய்க் கூழுக்குப் போனால் ஓங்கரிக்காமல் என்ன செய்யும்?

ஆகவே நொய் இல்லாமல் தொடங்குங்கள். 200 மில்லி தண்ணீருக்கு 2 மேசைக்கரண்டி ராகி மாவு. மூன்று நான்கு நாளுக்கு ஒரு முறை மாவை அரை மேசைக்கரண்டி கூட்டுங்கள். ஸ்பூனைச் சாய்த்தால் மெதுவாக விழும் பதம் வரும்வரை இதுதான். அடுத்த படி களி இல்லை. களியைக் குழம்பில் தோய்த்து மெல்லாமல் விழுங்குவதுதான் நம் பழக்கம், அதில் குழந்தை மெல்லக் கற்காது. மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டால் பயமும் சேரும். மெத்தென்ற ராகி தோசையை விரல் அகலத்துக்கு நறுக்கிக் கடைவாய்ப் பக்கம் கொடுங்கள். பிறகு ஓரம் முறுகலாக வார்த்தது. பிஸ்கட் மட்டும் தின்னும் குழந்தைக்கு வேறு பாதை: அதே பிஸ்கட் உடைத்து, அதே வடிவில் வேறு பிஸ்கட், ரஸ்க், நெய்யில் முறுகலாக வார்த்த தோசைத் துண்டு. மாம்பழக் காலத்தில் நார் இல்லாத கூழாக வடிகட்டித் தாருங்கள், கடை ஜூஸ் வேண்டாம்.

புதியதைப் பழையதற்குப் பக்கத்தில் வையுங்கள், உள்ளே ஒளிக்காதீர்கள். அங்கன்வாடி சத்துமாவைப் பிடித்த கஞ்சியில் கமுக்கமாகக் கலந்து, குழந்தை கண்டுபிடித்துவிட்டால் அந்தக் கஞ்சியும் கைவிட்டுப் போகும். இரண்டு நாள் மறுத்தால் ஒரு படி பின்னால் போங்கள். ஒரு புது உணவு பத்துப் பதினைந்து தடவை கண்ணில் படாமல் 'பிடிக்கவில்லை' என்று முடிவு கட்டக்கூடாது.

இதெல்லாம் வாய் கூசும் குழந்தைக்கு. வாயில் இருப்பதே தெரியாத குழந்தையும் உண்டு: கன்னம் புடைக்கத் திணிக்கும், ஊறுகாயை நக்கும். அதற்குச் சப்பென்ற கஞ்சி உதவாது. லேசான புளிப்பு, குளிர்ந்த தயிர், சிறு துண்டு ஒவ்வொன்றாக. சாப்பிட்டு முடித்ததும் கன்னத்துக்குள் பாருங்கள். முழு நிலக்கடலை, முழுத் திராட்சை நான்கு வயது வரை எந்தக் குழந்தைக்கும் கூடாது.

உட்காரும் விதம் மூன்று முறைக்கும் பொது. இடுப்பில் தூக்கிக்கொண்டு வாசலில் நடந்தபடி ஊட்டாதீர்கள். முதுகுக்குச் சாய்மானம் வேண்டும், பாதம் எதிலாவது பதிய வேண்டும்; தொங்கும் காலுக்குக் கீழே ஒரு செங்கல் போதும். இரண்டரை மூன்று மணி நேர இடைவெளி, நடுவில் தண்ணீர் மட்டும், முப்பது நிமிடத்தில் தட்டை எடுத்துவிடுங்கள்.

எடை கூடாமல் நின்றாலோ, சாப்பிடும்போது இருமல், கரகரத்த ஈரக் குரல், அடிக்கடி நெஞ்சுச் சளி இருந்தாலோ வீட்டு முயற்சியை நிறுத்துங்கள். விழுங்கும் திறனைச் சோதிக்க வேண்டும். இருக்கும் உணவுகளையும் ஒவ்வொன்றாகக் கைவிடும் குழந்தையையும் காட்டியே ஆக வேண்டும். பெங்களூரு பக்கம்தானே என்று உடனே தனியார் தெரபிக்குப் போக வேண்டியதில்லை. மாவட்ட அரசு மருத்துவமனையோடு இயங்கும், குழந்தைகளின் வளர்ச்சிச் சிக்கல்களைப் பார்க்கும் ஆரம்பநிலை இடையீட்டு மையத்தில் சிகிச்சை இலவசம். அங்கன்வாடிக்கு வரும் பள்ளிச் சிறார் மருத்துவக் குழுவிடம் சொன்னால் அவர்களே பரிந்துரைச் சீட்டு தருவார்கள். போகும்போது மூன்று நாள் சாப்பிட்டதை, துப்பியதையும் சேர்த்து, அளவோடு எழுதி எடுத்துப் போங்கள். குழந்தை ஓங்கரிக்கும் உணவையும், விரும்பிச் சாப்பிடும் ஒன்றையும் டப்பாவில் கொண்டுபோனால் தெரபிஸ்ட் அங்கேயே பார்த்துவிடுவார்.