கடற்கரை ஊரில் கொங்கிரீட் வெட்டும் சேவை: சில ஆண்டுப் பாவனைக்குப் பின் ஒரு மதிப்பீடு

கொங்கிரீட் வெட்டும் சேவையைப் பற்றி விசாரிப்பவர்கள் பெரும்பாலும் இரண்டு விடயங்களையே கேட்கிறார்கள்: அடிக்கு எவ்வளவு எடுப்பார்கள், எத்தனை நாளில் முடிப்பார்கள். வெட்டி முடித்த அன்று எல்லாருடைய வேலையும் நேர்த்தியாகத்தான் தெரியும். வெட்டிய விளிம்பு சில வாடைக்காற்றுக் காலங்களைக் கண்ட பிறகு எந்த நிலையில் இருக்கிறது என்பதைத்தான் திருகோணமலையில் வசிப்பவர் முதலில் கேட்க வேண்டும். உவர்மலையிலுள்ள எங்கள் வீட்டிலும், உப்புவெளியில் நாங்கள் நடத்தும் சிறிய விருந்தினர் விடுதியிலும் 2017 முதல் வெவ்வேறு குழுவினரைக் கொண்டு இந்த வேலையைச் செய்வித்து வந்திருக்கிறேன். அவற்றுள் எது தாங்கியது, எது தாங்கவில்லை என்பதை இங்கே பதிவு செய்கிறேன்.

முதல் வேலை வீட்டில் நடந்தது. வெளிப்படிக்கட்டை அகற்றிவிட்டு, உள்ளிருந்தே மொட்டை மாடிக்கு ஏறுவதற்காக 5 அங்குல சிலாப்பில் ஒரு திறப்பு எடுக்க வேண்டியிருந்தது. பிரேக்கர் (இடித்து உடைக்கும் இயந்திரம்) போட்டு உடைத்தால் செலவு குறையும் என்றே மேசன்மார் சொன்னார்கள். ஆனால் பிரேக்கரின் அதிர்வு உடைக்கும் இடத்தோடு நிற்பதில்லை. அது உள்ளே புதைந்துள்ள இரும்புக் கம்பி வழியே பக்கத்துக் கொங்கிரீட்டுக்கும் பரவி, கண்ணுக்குத் தெரியாத நுண்வெடிப்புகளை உண்டாக்குவதுடன், கம்பிக்கும் கொங்கிரீட்டுக்கும் இடையிலான பிடிப்பையும் தளர்த்திவிடும். வைரப் பல் பதித்த பிளேட் அப்படி அடிப்பதில்லை. தேய்த்துத் தேய்த்தே வெட்டுகிறது. ஆகவே 14 அங்குல பிளேட் பூட்டிய கை இயந்திரத்துடன் ஒரு குழுவை அழைத்தோம். மாலைக்குள் திறப்பு தயாராகிவிட்டது, கோடு பிசகவில்லை.

பிசகு மூலைகளில் இருந்தது. பிளேட் வட்டமானது என்பதால், மேற்பரப்பில் குறித்த மூலையில் அதை நிறுத்தினால் அடிப்பக்கம் வெட்டப்படாமல் எஞ்சிவிடும். 14 அங்குல பிளேட் 5 அங்குல சிலாப்பின் அடியை மூலை வரை எட்ட வேண்டுமானால், மேற்பரப்பில் அது குறிக்கு அப்பால் ஏறத்தாழ ஆறரை அங்குலம் ஓட வேண்டும். அந்தக் குழு அப்படியே ஓட்டியது. திறப்பின் விளிம்பில் 4 அங்குலக் கல்லால் படிக்கட்டு அறைச் சுவர் எழுந்தபோது, அந்தக் கீறல் சுவருக்கு அடியால் புகுந்து வெளியே மொட்டை மாடியில் தலைகாட்டியது. வெட்டிய குழுவினரோ கீறலுக்குள் சீமெந்துப் பாலை ஊற்றி மூடிவிட்டு, பணத்தை வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள்.

இரண்டாவது மாரியில் படிக்கட்டின் மேல் மூலையில் ஈரம் தெரிந்தது. அடுத்த ஆண்டு அதே இடத்துப் பூச்சு கை வைத்தால் பொக்கென்று ஒலித்தது. அதற்கும் அடுத்த ஆண்டு உதிர்ந்தது. பூச்சு உதிர்ந்த இடத்தில் வெட்டுண்ட கம்பியின் நுனி செம்மண் நிறத்தில் இதழ் இதழாகப் பிரிந்திருந்தது. துரு தான் தின்ற இரும்பைவிடப் பல மடங்கு இடத்தை எடுத்துக்கொள்ளும்; அந்த அழுத்தத்தைக் கொங்கிரீட் தாங்குவதில்லை. கடற்காற்றிலுள்ள உப்பு இதை விரைவுபடுத்துகிறது. மூலையைத் திறந்து, கம்பியைச் சுரண்டி, துத்தநாகப் பூச்சு அடித்து, திருத்தச் சாந்து வைத்து மூடியதற்கு ஆன செலவு முதலில் கொடுத்த வெட்டுக்கூலியை நெருங்கிவிட்டது.

2021 இல், கொரோனாவினால் விடுதிக்கு ஆள் வராமல் இருந்த காலத்தில், கீழ்த்தளத்தையும் மேல்தளத்தையும் உள்ளால் இணைக்கும் படிக்கட்டுக்காக வேறொரு குழுவை அழைத்தேன். ஒப்பிட்டுப் பார்ப்பதற்கு இதைவிட நல்ல சந்தர்ப்பம் அமையாது: அதே தடிப்புள்ள சிலாப், ஏறத்தாழ அதே அளவுத் திறப்பு. இவர்கள் கேட்ட கூலி அதிகம். வந்த அன்று காலை முழுவதும் ஒரு கோடு கூட வெட்டவில்லை. கம்பி காணும் கருவியை சிலாப்பின் மேல் குறுக்கும் நெடுக்குமாக உருட்டி, கம்பி ஓடும் இடங்களைச் சிவப்புச் சோக்கட்டியால் கீறிக்கொண்டே இருந்தார்கள். நேரம் போகிறதே என்று நான் சற்றுப் பொறுமையிழந்ததைக் கண்ட மூத்தவர், "ஐயா, கம்பி எங்கால ஓடுதெண்டு தெரியாமல் மெஷினை இறக்கேலாது. இறக்கினாப் பிறகு பாத்து என்ன செய்யிறது?" என்றார். இந்த வகைக் கருவி இரும்பைக் காட்டுமே தவிர, சிலாப்புக்குள் புதைத்த பிளாஸ்டிக் வயரிங் குழாயைக் காட்டாது என்பதையும் அவரே சொல்லி, விளக்குகளின் இடத்தைப் பார்த்து வயர் போகக்கூடிய வழியை அனுமானித்து, அந்த இணைப்பின் மின்சாரத்தையும் நிறுத்தச் சொன்னார்.

வெட்டுவதற்கு முன்பே பொறியியலாளர் சொன்னபடி விளிம்புகளுக்குக் கீழே இரும்பு பீம்கள் ஏற்றப்பட்டு, சுற்றிலும் ஜக் முட்டுகள் கொடுக்கப்பட்டிருந்தன. சிலாப்பைத் தாங்கும் பிரதான கம்பிகளைத்தான் நாம் அறுக்கப் போகிறோம் என்பதால், அவை சுமந்த பாரத்தை வேறொன்று ஏற்றே ஆக வேண்டும். இதைக் கணக்கிட்டுச் சொல்வது வெட்டும் குழுவின் வேலையல்ல. அது தன் வேலை என்று சொல்லிக்கொள்ளும் குழுவைக் கண்டால் எனக்குச் சந்தேகமே வரும்.

மூலைகளை அவர்கள் கையாண்ட விதம்தான் இந்தப் பதிவுக்கே காரணம். பிளேட்டைக் குறிக்கு உள்ளேயே நிறுத்தினார்கள். எஞ்சிய பகுதியில், வட்டத் துளையிடும் குழல் வடிவக் கருவியான 3 அங்குலக் கோர் கட்டரால் ஒன்றையொன்று தொடும்படி வரிசையாகத் துளையிட்டு, இடையில் நின்ற கூர்களை மட்டும் சிற்றுளியால் தட்டி எடுத்தார்கள். விளிம்பு நெளிவாக இருந்தாலும், சாந்து வைத்து நேராக்கிய பிறகு வேறுபாடு தெரியவில்லை. குறிக்கு அப்பால் ஒரு கீறல் கூட இல்லை. வெட்டிய துண்டை இறக்குவதிலும் அதே நிதானம் இருந்தது. 5 அங்குல சிலாப்பின் ஒரு சதுர அடி சுமார் 28 கிலோ இருக்கும். இரண்டடிக்கு இரண்டடித் துண்டு 110 கிலோவைத் தாண்டிவிடும். ஒவ்வொரு துண்டின் நடுவிலும் துளையிட்டுச் சங்கிலி கோத்து, செயின் புளொக்கில் தொங்கவிட்ட பின்னரே கடைசிப் பக்கத்தை வெட்டினார்கள். முதற்குழு, கீழே மணல் மூட்டைகளைப் பரப்பி அப்படியே விழவிட்டது. வீட்டு நிலத்தில் அன்று பிளந்த மாபிள் இன்றும் அப்படியே இருக்கிறது.

தண்ணீர் குறித்தும் ஒன்றைச் சொல்ல வேண்டும். ஈர வெட்டே சரியான முறை: தண்ணீர் பிளேட்டைக் குளிர்விப்பதுடன் தூசியையும் அடக்குகிறது. கருங்கற்சல்லியும் மணலும் கலந்த கொங்கிரீட்டை உலர வெட்டினால் கிளம்பும் நுண்தூசியில் சிலிக்கா இருக்கும். அது நுரையீரலில் படிந்து மாறாத நோயை உண்டாக்கக்கூடியது. வேலையாட்கள் முகத்தில் ஒரு துணியைக் கட்டிக்கொண்டு உலர வெட்டுவதை நம் ஊரில் இப்போதும் காணலாம். துணி அந்தத் தூசியைத் தடுக்காது. ஆனால் உப்புவெளிப் பக்கத்துக் கிணறுகள் பலவற்றில் தண்ணீர் உவர்ப்பானது. வெட்டும்போதே கம்பியின் புது முகத்தில் உவர்நீரைப் பீய்ச்சுவது, அடைக்க நினைக்கும் கதவை நாமே திறந்துவிடுவதற்குச் சமம். இரண்டாவது குழுவினர் கிணற்று மோட்டருக்குக் குழாயைப் பூட்டப் போனபோது நான் தடுத்து, குழாய்நீர் நிரப்பிய தாங்கியிலிருந்து எடுக்கச் சொன்னேன். அவர்கள் மறுக்கவில்லை, ஆனால் நான் சொல்லியிராவிட்டால் அப்படியே செய்திருப்பார்கள்.

வெட்டும்போது வடியும் சாம்பல் நிறச் சேறு இன்னொரு தொல்லை. அது கடுமையான காரத்தன்மை உடையது. தோலில் பட்டால் எரியும், வடிகானுக்குள் விட்டால் படிந்து இறுகும். நல்ல குழு அதை வக்யூமால் உறிஞ்சி, வாளியில் அடையவிட்டு, கட்டியை மூட்டையில் கட்டி எடுத்துச் செல்லும். மதிப்பீட்டில் இது எழுதப்பட்டிருக்கிறதா என்று பார்ப்பது நல்லது.

விடுதியில் எடுத்த அந்தத் திறப்பின் விளிம்புகள் இன்றுவரை பழுதின்றி இருக்கின்றன. சேவையின் நேர்த்தி ஒரு காரணம். வெட்டிய அதே வாரத்திலேயே கம்பி நுனிகளைச் சற்று உட்புறமாக அரைத்துவிட்டு, துத்தநாகப் பூச்சும் எபொக்சிச் சாந்தும் வைத்தது மற்றக் காரணம். கம்பி நுனிகளை மூடும் இந்த வேலையைப் பெரும்பாலான குழுவினர் தங்களுடையதாகக் கருதுவதில்லை. வெட்டினோம், போனோம் என்பதே வழக்கம். மேசனும் அது வெட்டியவர் செய்ய வேண்டியது என்று விட்டுவிடுவார். மலைநாட்டில் இந்த அலட்சியத்தைக் கட்டடம் நெடுங்காலம் பொறுத்துக்கொள்ளக்கூடும், இங்கே பொறுக்காது.

ஏசிக் குழாய்களுக்கும் குளியலறைக் கழிவுக் குழாய்களுக்கும் எடுத்த கோர் துளைகளைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை; இந்த வேலையில் யாரும் பெரிதாகத் தவறியதில்லை. வெளிச்சுவர்த் துளையை வெளிப்புறம் சற்றுச் சரிவாக எடுத்தால் வாடைக்காற்று வீசியடிக்கும் மழை உள்ளே வராது. மட்டமாக எடுத்த ஓர் அறையில் மட்டும் ஒவ்வொரு மாரியிலும் சுவர் நனைகிறது. துளையைச் சுற்றி அடைக்கும் நுரையை வெயில் படும் பக்கத்தில் அப்படியே விடக்கூடாது. அது பழுத்து உதிர்ந்துவிடும்.

எதிர்பாராத அளவுக்குப் பயன் தந்தது விடுதி முற்றத்து வேலை. வாகனம் நிறுத்துவதற்காகப் போட்ட 4 அங்குலக் கொங்கிரீட் நிலத்தில், இறுகும் கொங்கிரீட் சுருங்கித் தானாக வெடிப்பதற்கு முன் நாமே கோடு கீறிக் கொடுத்துவிடுவது முறை. ஆழம் தடிப்பின் கால்பங்கு, அதாவது ஓர் அங்குலம். இடைவெளி தடிப்பைப் போல 24 முதல் 36 மடங்கு, அதாவது 8 முதல் 12 அடி. நேரம்தான் இதில் முக்கியம். மறுநாள் வரை பொறுக்கலாம் என்பது பொதுவான எல்லை; நம் வெயிலிலும் காற்றிலும் அன்று மாலையே வெட்டிவிடுவது உத்தமம். காலையில் கொட்டிய நிலத்தை, பிளேட் சல்லியைப் பிடுங்காத அளவுக்கு இறுகியதும் இரவு விளக்கு வெளிச்சத்தில் வெட்டினார்கள். முற்றத்தில் வெடிப்பு வராமல் இல்லை. ஆனால் வந்தவை அந்தக் கோடுகளுக்குள்ளேயே அடங்கிவிட்டன. கோடுகளில் நிரப்பிய சீலன்டை இடையிடையே புதுப்பிக்க வேண்டியிருக்கிறது. அண்டை வீட்டு முற்றம் கோடு போடாமல் கொட்டப்பட்டது. அது வெடித்த கோலத்தை இங்கே வருணிப்பது அயலுறவுக்கு நல்லதல்ல.

கூலியைப் பொறுத்தவரை, வெட்டுக்கு அடியும் ஆழமும், கோருக்கு விட்டமும் ஆழமும் பார்த்துக் கணக்கிடுவார்கள். சிறு வேலையானாலும் குறைந்தபட்சத் தொகை ஒன்று உண்டு. 2022 இல் டொலரின் விலை சில மாதங்களுக்குள் 200 ரூபாவிலிருந்து 360 ரூபா வரை ஏறியபோது இந்தக் கூலியும் கூடவே ஏறியது. சீமெந்தை நம் சீனன்குடாவிலேயே அரைக்கிறார்கள். அதை வெட்டும் வைர பிளேட் கப்பலில்தான் வர வேண்டும். அந்தக் காலத்தில் தேய்ந்த பிளேட்டை இழுத்துப் பிடித்துப் பாவித்த குழுக்களும் இருந்தன. பிளேட் கொங்கிரீட்டுக்குப் பொருத்தமாக இருக்க வேண்டும்: கடினமான கருங்கற்சல்லிக்குப் பற்களின் உலோகப் பிணைப்பு மென்மையாக இருந்தால்தான் மழுங்கிய வைரத்துகள் உதிர்ந்து புதியவை வெளியே வரும். பொருந்தாத பிளேட் வெட்டாமல் வழுக்கும், சத்தம் மாறும், வெட்டு முகம் பளபளக்கும். இயக்குபவர் இயந்திரத்தின் மேல் உடற்பாரத்தைப் போட்டு அழுத்தத் தொடங்கினால் பிளேட்டைக் காட்டச் சொல்லிக் கேட்கலாம்.

மூடிய அறைக்குள் பெற்றோல் இயந்திரத்தை ஒருபோதும் அனுமதிக்க வேண்டாம். அதன் புகையிலுள்ள காபன் மொனொக்சைட் உயிருக்கே ஆபத்தானது. மின் இயந்திரம் என்றால் ட்ரிப் சுவிட்ச் சரியாக வேலை செய்கிறதா என்பதை முதல்நாளே அழுத்திப் பாருங்கள். தண்ணீரும் மின்சாரமும் ஒரே இடத்தில் புழங்கும் வேலை இது. விடுதி நடத்துபவர்கள் மாரி ஓய்ந்து உல்லாசப் பயணிகள் வரத் தொடங்குவதற்கு முந்திய பெப்ரவரி, மார்ச் மாதங்களில் இதை வைத்துக்கொள்வது எல்லா வகையிலும் வசதி. சத்தம் பெரிது என்பதால் அயலவருக்கு முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். பரீட்சைக் காலமானால் தள்ளிப் போடுங்கள்.

எல்லாவற்றுக்கும் இந்தச் சேவை தேவை என்றும் நான் சொல்லமாட்டேன். கல்லால் கட்டிய பாரம் தாங்காத சுவரில் ஒரு ஜன்னல் எடுக்கவோ, ஒரு குழாய்க்குத் துளை போடவோ நல்ல மேசனும் ஒரு கிரைண்டரும் போதும். மேலே லின்டலை இருபுறமும் 6 அங்குலமாவது சுவரில் ஏற வைத்தால் சரி. சிலாப், பீம், கொங்கிரீட் தூண் என்று கம்பி உள்ள எதையும் தொடுவதானால் மட்டும் கூடுதலாகக் கொடுத்து ஆள் பிடியுங்கள். மதிப்பீட்டில் கம்பி தேடுவது, மூலையைக் கோர் அடித்து முடிப்பது, சேற்றை அகற்றுவது, கம்பி நுனிகளுக்குப் பூச்சு அடிப்பது ஆகிய நான்கும் எழுத்தில் இருக்கட்டும். கடைசிப் பங்குப் பணத்தை அந்தப் பூச்சு முடிந்த பின்னரே கொடுப்பதாக இப்போது நான் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். இரண்டாவது குழு அதற்குச் சம்மதித்துத்தான் இந்த ஆண்டும் வந்தது.